சொந்த டொமைனுக்கு மெயில் சர்வர்: முதலில் டிஎன்எஸ், பிறகு போஸ்ட்ஃபிக்ஸ்

மெயில் சர்வர் அமைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை நிறுவுவதில்தான் தொடங்குகிறார்கள். அது அரைமணி நேர வேலை. அனுப்பிய மெயில் ஸ்பேம் பெட்டியில் விழுந்தாலும் திரும்பி வந்தாலும் கோளாறு அநேகமாக டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் அட்டவணை) பதிவுகளில் இருக்கும். அதனால் முதலில் அதை முடித்துவிடுவோம்.

இந்தச் செய்முறை டெபியன் 12 லினக்ஸுக்கு எழுதியது. எக்ஸாம்பிள்.காம், 203.0.113.25 என்று வரும் இடங்களில் உங்கள் டொமைனையும் ஐபியையும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

சர்வர் எடுக்கும்போது

ஐந்தாறு பேருக்கு 1 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் உள்ள விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: சர்வர்கள் தமக்குள் மெயில் கடத்தும் 25-ஆம் போர்ட் வெளியே போகத் திறந்திருக்கிறதா? ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) நாமே மாற்ற முடியுமா? ஸ்பேமுக்குப் பயந்து பல நிறுவனங்கள் 25-ஐ மூடி வைத்திருக்கும். டிக்கெட் போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். வீட்டு பிராட்பேண்ட் இதற்கு ஒத்துவராது. ஐபி மாறிக்கொண்டே இருக்கும், வீட்டு ஐபி என்று தெரிந்தாலே பல சர்வர்கள் கதவைச் சாத்திவிடும்.

ஐபி கிடைத்ததும், ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். முன்பு அந்த ஐபியை வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில் விடியும். பட்டியலில் இருந்தால் உடனே வேறு ஐபி வாங்கிவிடுங்கள்.

பெயரும் ஐபியும்

சர்வருக்கு மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று பெயர் வைப்போம். டொமைன் வாங்கிய இடத்தில் இரண்டு பதிவுகள்:

1. ஏ பதிவு (பெயருக்கு உரிய ஐபி): மெயில்.எக்ஸாம்பிள்.காம் → 203.0.113.25
2. எம்எக்ஸ் பதிவு (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும்): எக்ஸாம்பிள்.காம் → மெயில்.எக்ஸாம்பிள்.காம், முன்னுரிமை 10

எம்எக்ஸ் பதிவில் ஐபி எண்ணைப் போடக் கூடாது. சிநேம் (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) பெயரையும் போடக் கூடாது. ஸோன் கோப்பை (டொமைனின் பதிவுகள் அடங்கிய கோப்பு) நேரடியாக எழுதுகிறவர்கள் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்க மறக்காதீர்கள். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்று நீண்டுவிடும்.

மூன்றாவது பிடிஆர். ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் பதிவு இது. டொமைன் விற்றவரிடம் இதைத் தேடாதீர்கள். ஐபியின் சொந்தக்காரர் விபிஎஸ் நிறுவனம், ஆகவே அவர்களுடைய பேனலில்தான் இருக்கும். 'டிக் -எக்ஸ் 203.0.113.25' என்று தட்டினால் மெயில்.எக்ஸாம்பிள்.காம் வர வேண்டும். வராதவரை மேலே போக வேண்டாம். சர்வரில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் பிடிஆர் வேண்டும். அது முடியாதென்றால் போஸ்ட்ஃபிக்ஸில் 'இனெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4' என்று வைத்துவிடுங்கள். ஐபிவி4 எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் திருப்பி அனுப்புவதற்கு ஐபிவி6-க்குப் பிடிஆர் இல்லாதது அடிக்கடி காரணமாகிறது.

அடுத்து எஸ்பிஎஃப். எக்ஸாம்பிள்.காம் பெயரில் ஒரு டெக்ஸ்ட் பதிவு: 'வி=எஸ்பிஎஃப்1 எம்எக்ஸ் -ஆல்'. எம்எக்ஸ் சர்வர் மட்டுமே இந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று பொருள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்தான். பழையது கிடக்க இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

போஸ்ட்ஃபிக்ஸ்

ஹோஸ்ட்நேமை மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று மாற்றிவிட்டு நிறுவுங்கள். கேட்கும் கேள்விக்கு 'இன்டர்நெட் சைட்', மெயில் பெயருக்கு எக்ஸாம்பிள்.காம். பிறகு மெயின்.சிஎஃப் கோப்பில்:

- மைஹோஸ்ட்நேம்: மெயில்.எக்ஸாம்பிள்.காம்
- மைடெஸ்டினேஷன்: எக்ஸாம்பிள்.காம் இதில் கட்டாயம் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் வரும் மெயிலை 'ரிலே ஆக்ஸஸ் டினைட்' என்று சர்வரே தள்ளிவிடும்.
- மைநெட்வொர்க்ஸ்: 127.0.0.0/8 போன்ற உள் முகவரிகள் மட்டும். இதை அகலத் திறந்தால் ஊரில் உள்ள ஸ்பேம் எல்லாம் உங்கள் வழியாகப் போகும்.
- ஹோம்_மெயில்பாக்ஸ்: மெயில்டிர்/

கடைசி வரியின் சாய்கோட்டைக் கவனியுங்கள். அது இருந்தால்தான் மெயில் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகச் சேரும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கோப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பயனர் மெயில் அனுப்ப 587-ஆம் போர்ட். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் 'சப்மிஷன்' வரியின் முன்னுள்ள # குறியை எடுங்கள். அதன் கீழே வேண்டிய வரிகளிலும் எடுங்கள், ஆனால் அவற்றின் முன்னுள்ள இடைவெளியை அழித்துவிடாதீர்கள். இடைவெளி போனால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தனிச் சேவை என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும். போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரிக்கு வருவது உங்களுக்கே வரும்படி ஏலியாஸ் கோப்பில் எழுதி 'நியூஏலியாஸஸ்' ஓட்டுங்கள்.

டவ்காட்

மெயிலை போனிலோ கணினியிலோ வாசிக்க உதவும் ஐமேப் முறையைத் தருவது டவ்காட், போர்ட் 993. அதன் 'மெயில்_லொகேஷன்' போஸ்ட்ஃபிக்ஸில் கொடுத்த அதே மெயில்டிர் இடத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் மெயில் வந்து சேர்ந்திருக்கும், இன்பாக்ஸ் காலியாக இருக்கும். 'ஆத்_யூசர்நேம்_ஃபார்மேட்' என்பதை %என் என்று வையுங்கள். அப்போதுதான் முழு முகவரியைக் கொடுத்தும் உள்ளே நுழைய முடியும். 587-இல் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் டவ்காட்தான், அதற்கான சாக்கெட்டை (இரண்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) போஸ்ட்ஃபிக்ஸின் 'பிரைவேட்/ஆத்' இடத்தில் திறந்துவிட வேண்டும்.

இணைப்பை மறையாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. டவ்காட்டின் 'எஸ்எஸ்எல்_செர்ட் =' என்பதற்குப் பிறகு கோப்புப் பாதைக்கு முன்னால் < குறி வர வேண்டும். அச்சுப்பிழை என்று நினைத்து அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழித்தால் டவ்காட் பாதையையே சான்றிதழாக வாசிக்கப் பார்க்கும்.

டிகிம், டிமார்க்

டிகிம் என்பது அனுப்பும் மெயிலில் சர்வர் போடும் கையொப்பம். அதற்கான மென்பொருளான ஓப்பன்டிகிம் கொண்டு 2048 பிட் சாவி உருவாக்குங்கள். செலக்டர் (சாவிக்கு வைக்கும் பெயர்) எஸ்1 என்றால் டெக்ஸ்ட் பதிவின் பெயர் 'எஸ்1._டொமைன்கீ'. ஒரு டெக்ஸ்ட் துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதால் சாவி மேற்கோள்குறிகளுக்குள் துண்டு துண்டாக வரும். பேனலில் ஒட்டும்போது நடுவிலுள்ள மேற்கோளும் இடைவெளியும் சாவிக்குள் புகுந்துவிட்டால் கையொப்பம் தோற்கும். சோதனையில் 'கீ நாட் செக்யூர்' என்று வந்தால் பதற வேண்டாம், டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிவுகளுக்கான கையொப்பம்) இல்லை என்பதே அதன் பொருள். 'கீ ஓகே' வந்தால் போதும்.

டெபியனில் ஓப்பன்டிகிம் தரும் சாக்கெட் கோப்பு போஸ்ட்ஃபிக்ஸின் கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் போஸ்ட்ஃபிக்ஸ் வெளிக் கோப்புகள் தெரியாத தன் கூண்டுக்குள் (குரூட்) ஓடுகிறது. உள் போர்ட் 8891 வழியாக இணைத்துவிடுங்கள்.

எஸ்பிஎஃப், டிகிம் தேறாத மெயிலை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது டிமார்க். '_டிமார்க்' பதிவில் முதலில் 'பி=நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) வைத்து, அறிக்கைகளை இரண்டு மூன்று வாரம் பாருங்கள். உங்கள் மெயில் எல்லாம் தேறினால் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு) ஆக்கலாம்.

சோதனை

ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் 'பாஸ்' இருக்க வேண்டும். சர்வர் லாக்கில் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்றால் எதிர்சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம், இன்பாக்ஸில் விழுந்தது என்று அல்ல. பதில் எண் 4-இல் தொடங்கினால் போஸ்ட்ஃபிக்ஸ் தானே மறுபடி முயலும். 5 நாள் வரை வரிசையில் வைத்திருக்கும். 5-இல் தொடங்கினால் மறுப்பு. ஜிமெயில் 5.7.25 என்றால் பிடிஆர், 5.7.26 என்றால் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் பக்கம் போய்ப் பாருங்கள்.

சான்றிதழின் ஆயுள் 90 நாள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் தானாகப் புதுப்பித்துவிடும், ஆனால் டவ்காட் பழையதையே நினைவில் வைத்திருக்கும். செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (சான்றிதழ் புதுப்பித்ததும் ஓடும் கட்டளை) போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் ரீலோட் செய்யும் வரியை இன்றே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து எல்லோருடைய போனும் ஒரே நாளில் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும்.