நடுச்சாமத்தில் சீனி இறங்கினால்

ஆரையம்பதியில், அம்மா வீட்டில். மகளுக்குப் பன்னிரண்டு நாள். நான் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிறவள். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போதே கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. விரலைக் குத்தி இரத்தச் சீனி பார்த்தால் 58 mg/dL. பிள்ளையை அம்மாவிடம் கொடுத்து, மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்தேன். 15 நிமிடத்தில் 84.

பால் சுரக்க உடம்பு குளுக்கோசை இழுக்கும். நானோ பத்தியம் என்று இரவில் அரைவயிறு சாப்பிட்டு, இன்சுலினை மட்டும் குறைக்காமல் போட்டிருக்கிறேன். கிளினிக்கில் இரவு ஊசியைக் குறைத்தார்கள். “ஊசி போடுகிறவள் பால் கொடுக்கலாமா?” என்று மாமி பயந்தா. தாராளமாகக் கொடுக்கலாம், இன்சுலின் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

இப்போது தலையணைக்குப் பக்கத்தில் சீனி பார்க்கும் மெஷின், பிஸ்கட், சீனித்தண்ணிப் போத்தல். பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். 70க்குக் கீழே என்றால் முதலில் நான் குடிப்பேன், பிறகுதான் மகள்.