"ஹாய் எஸ்" என்று தொடங்கும் வேலை அழைப்புகள்: நாமே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை

காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங் முடிவதற்குள் மூன்று வேலை அழைப்பு வந்துவிடும். "டியர் கேண்டிடேட், டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ், ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ், கரண்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட் உடனே அனுப்பவும்." (சிடிசி என்றால் மொத்த ஆண்டுச் சம்பளம்.) மூன்றும் ஒரே ஜேடி (வேலை விவரக் குறிப்பு), அனுப்பியது மட்டும் மூன்று கன்சல்டன்சி. கேட்டிருப்பது கோபால் டெவலப்பர். (ஆள் பெயர் இல்லை, மெயின்ஃப்ரேமில் ஓடும் பழைய கணினி மொழி.) நான் அதைத் தொட்டே எட்டு வருடமாகிறது. இப்போது பார்ப்பது டேட்டா இன்ஜினியரிங்.

ப்ரொஃபைலைப் படிக்கக்கூட மாட்டார்களா என்று நானும் பல்லைக் கடித்தவன்தான். ஆள் எடுத்துத் தரும் நிறுவனத்தில் வேலை செய்யும் தோழி ஒருநாள் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். தேடல் பெட்டியில் கோபால், அதோடு சேர்ந்தே வரும் டிபி2, ஜேசிஎல். ஊர் சென்னை. என்டர் தட்டியதும் முதல் பக்கத்திலேயே என் முகம். "போர்டுல இட்லி தோசைன்னு எழுதி வெச்சிட்டு, எல்லாரும் ஏன் இட்லி கேக்கறாங்கன்னா எப்படி?" என்றாள்.

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். ரெக்ரூட்டர் ஆளைப் படிப்பது அப்புறம். முதலில் சொல்லைச் சலிக்கிறார். கற்றது, தொட்டது, ட்ரெய்னிங்கில் கேள்விப்பட்டது எல்லாவற்றையும் ஸ்கில் பட்டியலில் அடுக்கி வைத்தால், அத்தனை சொல்லுக்கும் ஆள் வருவார்கள். இனி செய்ய விரும்பாத வேலையின் சொற்களை எடுத்துவிடுங்கள். ஸ்கில் பகுதியில் மட்டும் எடுத்தால் போதாது. 'அபௌட்' பத்தியிலும் பழைய வேலைகளின் விவரத்திலும் அவை ஒளிந்திருக்கும். பழைய நிறுவனம், பதவி, வருடம் அப்படியே இருக்கட்டும், அதில் பொய் கூடாது. கருவிகளின் பெயர்களை மட்டும் குறைக்கலாம். நௌக்ரி வேலைத் தளத்தில் இன்னொரு பொறி உண்டு: நீங்கள் ஏற்றிய ரெஸ்யூம் கோப்புக்குள்ளும் தேடல் போகும். கீ ஸ்கில்ஸை மாற்றிவிட்டுப் பழைய கோப்பை அப்படியே விட்டால் ஒன்றும் மாறாது.

அடுத்தது, வேலை கிடைத்த பிறகும் கடையைத் திறந்தே வைத்திருப்பது. வேலை தேடும்போது தினமும் காலையில் நௌக்ரி ஹெட்லைனில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, மறுநாள் அதை எடுத்துச் சேமிப்போம். புதுப்பித்த ப்ரொஃபைல் மேலே வரும் என்று. ஆஃபர் வந்து, சேர்ந்து, ஆறு மாதம் ஆன பின்னும் ப்ரொஃபைல் அங்கேயே கிடக்கும். அதில் 'இம்மீடியட் ஜாய்னர்' என்று வேறு இருக்கும். சேர்ந்த அன்றே ரெஸ்யூமை மறைத்துவிடுங்கள். அப்படியும் சில மாதம் அழைப்பு வரத்தான் செய்யும். ஏற்கெனவே தரவிறக்கி எக்ஸெலில் வைத்திருப்பவர்களை எந்த பொத்தானாலும் தடுக்க முடியாது.

லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதாகக் காட்டும் 'ஓபன் டு ஒர்க்' கதையும் அதேதான். பச்சை வளையம் போட்டால் ஊருக்கே தெரியும். 'ரெக்ரூட்டர்ஸ் ஒன்லி' வைத்தால் வளையம் இருக்காது; அதனாலேயே அது போட்டிருப்பது நமக்கே மறந்துபோகும். இன்னொன்று: உங்கள் இப்போதைய நிறுவனத்தின் ரெக்ரூட்டர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம், உறுதி தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது.

லிங்க்ட்இன்னின் கட்டணச் செய்தியான இன்மெயிலின் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தொடர்பில் இல்லாத உங்களுக்கு எழுத, ரெக்ரூட்டர் காசு கட்டி வாங்கிய கிரெடிட்டில் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். 90 நாளுக்குள் நீங்கள் பதில் போட்டாலோ, வேண்டாம் என்று பொத்தானை அழுத்தினாலோ, அந்த கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். பேசாமல் இருந்தால் போனது போனதுதான். ஆகவே என் வழக்கம் இது: ப்ரொஃபைலை உண்மையில் படித்து எழுதியவருக்கு ஒரு வரி பதில், அச்சடித்த கடிதத்துக்கு மௌனம். கோபமாகத் திட்டி எழுதுவது மட்டும் வேண்டாம். கிரெடிட்டும் அவருக்குத் திரும்பும், உங்கள் வசவும் அந்த நிறுவனக் கணக்கில் உங்கள் பெயரோடு தங்கும். நாளைக்கு அதே இடத்தில் நல்ல வேலை வரலாம்.

இந்தச் செலவே இல்லாமல் உங்களை அடைய ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதைத் திறந்துவிடுவதும் நாம்தான். தொடர்புகள் '500+' என்று காட்ட வேண்டும் என்ற ஆசையில் வருகிற இன்வைட்டையெல்லாம் ஏற்றுக்கொள்கிறோம். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக எழுதலாம். தேவையில்லாத தொடர்புகளை நீக்குங்கள். நீக்கியதாக அவருக்கு அறிவிப்பு போகாது. 'கனெக்ட்' இருக்கும் இடத்தில் 'ஃபாலோ' முன்னால் நிற்கும்படி மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. பிரீமியம் வாங்கியவர்கள் 'ஓபன் ப்ரொஃபைல்' இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் யார் வேண்டுமானாலும் கிரெடிட் இல்லாமலே எழுதலாம். இன்மெயிலையும் விளம்பரச் செய்திகளையும் நிறுத்தும் பொத்தான்கள் செட்டிங்ஸில் 'டேட்டா பிரைவசி' பக்கத்தில் இருக்கின்றன. மின்னஞ்சலை யார் பார்க்கலாம் என்பதையும், மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ வைத்து உங்களைக் கண்டுபிடிக்கலாமா என்பதையும் 'விசிபிலிட்டி' பக்கத்தில் மாற்றிவிடுங்கள்.

"இப்போதைக்கு வேண்டாம், ஆனாலும் சிவி வெச்சுக்குங்க" என்று நல்லபிள்ளையாகப் பதில் சொல்வதுதான் எனக்கு அதிக விலை வைத்தது. ஒரு கன்சல்டன்சிக்கு அப்படித்தான் சிவியும் பிறந்த தேதியும் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, எனக்குப் பிடித்த ஒரு நிறுவனத்தில் நேரடியாக விண்ணப்பித்தேன். 'டூப்ளிகேட்' என்று திரும்பி வந்தது. என்னைக் கேட்காமலே அந்த கன்சல்டன்சி என் பெயரை அங்கே ஏற்றியிருந்தது. நான் அவர்கள் கொண்டுவந்த ஆளாகிவிட்டேன், என்மேல் அவர்களுக்கு உள்ள உரிமைக் கெடு முடியும்வரை என் சொந்த விண்ணப்பம் செல்லாது. அதற்குப் பிறகு, எந்த நிறுவனம், எந்த வேலை என்று எழுத்தில் வராமல் சிவி அனுப்புவதில்லை. பான் எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. பதிவுக் கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் அது வேலையே இல்லை. கொடுத்துவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை முன்னால் எழுதியே பழக்கம் என்பதால், லிங்க்ட்இன்னில் 'ஃபர்ஸ்ட் நேம்' கட்டத்தில் வெறும் 'எஸ்' போட்டிருந்தேன். திருத்த நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். மனிதர் எழுதினால் என் பெயரைத் தேடிப் பார்த்து எழுதுகிறார். "ஹாய் எஸ்" என்று தொடங்கினால் நான் இரண்டாவது வரிக்குப் போவதில்லை.