வேலைக்கும் போய், வீட்டில் நோயாளியையும் பார்ப்பவர்கள்: பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

நோயுற்ற தாயையோ, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையையோ, மறதிநோய் வந்த கணவரையோ வீட்டில் பார்த்துக்கொண்டே சம்பள வேலைக்கும் போகிறவர்களைப் பற்றி பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பி, அதற்கான பணத்தை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமூகவியல், சமூகக் கொள்கை, பொருளியல், மேலாண்மை போன்ற ஏதேனும் ஒரு துறையில் முதுகலை முடித்தவர்களோ முடிக்கப் போகிறவர்களோ இதைப் பின்பற்றலாம். நான் இதே பொருளில் இரண்டு முறை விண்ணப்பித்தவன். முதல் முறை நிராகரித்த குழு, “பிரச்சினை முக்கியமானது, ஆனால் இவர் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று புரியவில்லை” என்ற பொருளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலிருந்து நான் கற்றுக்கொண்டவை.

முதல் படி: யாரை ஆராய்கிறீர்கள் என்பதை வரையறுங்கள்

“கேரர்” என்ற சொல் பிரிட்டனில் இரண்டு தரப்பினரைக் குறிக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு முதியோர் இல்லத்திலோ வீடுகளிலோ பணிபுரிபவரும் கேரர், சொந்தத் தாயைச் சம்பளமின்றிப் பார்க்கும் மகளும் கேரர். உங்கள் ஆய்வு இரண்டாம் தரப்பினரைப் பற்றியது என்பது விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே தெளிவாக வேண்டும். தமிழில் “ஊதியமில்லாப் பராமரிப்பாளர்” என்று எழுதுகிறோம். ஆனால் எந்த வீட்டிலும் யாரும் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கிழக்கு லண்டனில் ஓர் அக்காவிடம் நான் “நீங்கள் கேரரா?” என்று கேட்டபோது, அவர், “கேரர் எண்டா ஏஜென்சியில இருந்து வாற பிள்ளை, தம்பி. நான் மாமியின்ர மருமகள்” என்றார். காலையில் மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, பல்பொருள் அங்காடியின் கல்லாவில் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து அவரைக் குளிப்பாட்டுகிறவர் அவர். இந்த வழக்கம் தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. பல சமூகங்களில் இப்படித்தான். தம்மைப் பராமரிப்பாளர் என்று கருதாதவர் பராமரிப்பாளருக்கான விடுப்பைக் கேட்க மாட்டார், உங்கள் ஆய்வுக்கான அறிவிப்பைக் கண்டும் வர மாட்டார். ஆகவே, யாரைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்பதை அவர்கள் செய்யும் வேலையை வைத்து வரையறுங்கள், அவர்கள் தமக்கு இட்டுக்கொள்ளும் பெயரை வைத்து அல்ல.

இரண்டாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். என் முதல் விண்ணப்பத்தின் தலைப்பு, “பிரிட்டனில் ஊதியமில்லாப் பராமரிப்பாளர்கள் வேலையில் சந்திக்கும் சவால்கள்” என்பது. அது தலைப்பே தவிர கேள்வி அன்று. அவர்கள் சிரமப்படுகிறார்கள் என்பது குழுவுக்கு முன்பே தெரியும், 60 ஆண்டுகளாகவே தெரியும். பெற்றோரைப் பார்ப்பதற்காகத் தம் பணியை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற சபைப் போதகர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1965இல் திருமணமாகாத பெண்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்குமான தேசிய அமைப்பு உருவாயிற்று. பராமரிப்பாளர்களுக்கான இன்றைய கேரர்ஸ் யூகே தொண்டு அமைப்பின் வேர் அதுதான். அப்போதிருந்தே மையமான சிக்கல் வேலையும் பராமரிப்பும் மோதிக்கொள்வதுதான்.

கேள்வியைச் சுருக்க நான் சொல்லும் எளிய வழி, ஒரு சட்டத்தையோ விதியையோ எடுத்துக்கொண்டு அது நடைமுறையில் எங்கே இடறுகிறது என்று பார்ப்பது. எடுத்துக்காட்டாக, 2023ஆம் ஆண்டின் பராமரிப்பாளர் விடுப்புச் சட்டம் 2024 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் நடைமுறையில் உள்ளது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஓர் ஊழியர் ஆண்டுக்கு ஒரு வாரம் விடுப்பு எடுக்கலாம்; அரை நாள் அரை நாளாகப் பிரித்தும் எடுக்கலாம். முதலாளி அதை மறுக்க முடியாது. வேலை கடுமையாகப் பாதிக்கப்படும் என்றால் தள்ளிவைக்க மட்டுமே முடியும். ஆனால் அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. சட்டப்படி “ஊழியர்” என்ற நிலை உள்ளவர்களுக்கே இந்த உரிமை உண்டு என்பதால், ஏஜென்சி வழியாக வேலை செய்பவர்களில் பலர் இதற்குள் வருவதில்லை.

அதே சட்டத்தில் ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கம் உண்டு. விடுப்பை எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்றோ, சான்று காட்ட வேண்டும் என்றோ முதலாளி வற்புறுத்த முடியாது. ஊழியருக்கு இது நல்லது. ஆனால் வாய்மொழியாகக் கேட்டுப் பெறும் விடுப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் எந்தப் பெயரில் ஏறுகிறது, பராமரிப்பு விடுப்பு என்றா, ஆண்டு விடுப்பு என்றா, அல்லது மேலாளர் கண்டும் காணாமல் விட்ட ஒரு மாற்றுப் பணிநேரம் என்றா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. இப்போது என் பழைய தலைப்பை, “மணிக்கணக்கில் கூலி பெறும் சில்லறை வணிக ஊழியர்கள் பராமரிப்பு விடுப்பு உரிமை இருந்தும் ஏன் ஆண்டு விடுப்பையும் நோய் விடுப்பையும் செலவழிக்கிறார்கள்?” என்ற கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவதற்கு விடை இருக்கிறது, அந்த விடையைத் தேடிப் போக ஓர் இடமும் இருக்கிறது.

சட்டம் மட்டுமல்ல, உதவித்தொகை விதிகளும் நல்ல கேள்விகளைத் தரும். வாரத்துக்கு 35 மணி நேரம் பராமரிப்பவருக்கான அரசு உதவித்தொகையைப் பெறுபவர் சம்பாதிக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 151 பவுண்டிலிருந்து 196 பவுண்டாக உயர்ந்தது. வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்துக்கான உதவித்தொகை முழுவதும் போய்விடும். கூடுதலாக ஒரு பணிநேரம் ஏற்கச் சொல்லும் மேலாளரிடம் ஒருவர் “வேண்டாம்” என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கக்கூடும். மேலாளரின் குறிப்பில் அது “ஆர்வமில்லை” என்று பதிவாகக்கூடும்.

மூன்றாம் படி: பணம் எங்கிருந்து வருகிறது?

சமூக அறிவியல் ஆய்வுக்கு முதன்மையான வாயில் பொருளாதார, சமூக ஆய்வுக் கவுன்சில், சுருக்கமாக ஈ.எஸ்.ஆர்.சி. அது 2018 முதல் யூ.கே.ஆர்.ஐ. என்ற தேசிய ஆய்வு நிதி அமைப்பின் ஓர் அங்கம். மாணவர் நேரடியாக ஈ.எஸ்.ஆர்.சி.க்கு விண்ணப்பிப்பதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பணம் முனைவர் பயிற்சிக் கூட்டமைப்புகளுக்குப் போகிறது. அக்கூட்டமைப்புகளில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் வழியாக உங்களுக்கு வருகிறது. ஷெஃபீல்ட், லீட்ஸ், யார்க் முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒயிட் ரோஸ் கூட்டமைப்பு இவற்றுள் ஒன்று.

நிதியில் மூன்று பகுதிகள் உண்டு. பல்கலைக்கழகக் கட்டணம், வாழ்க்கைச் செலவுக்கான மாதத் தொகை, களப்பணிச் செலவுக்கான சிறு தொகை என்பவை அவை. வாழ்க்கைச் செலவுத் தொகையின் குறைந்தபட்ச அளவு 2025–26 கல்வியாண்டு முழுவதற்கும் சேர்த்து 20,780 பவுண்டு. பொதுவாக இதற்கு வருமான வரி இல்லை. பகுதிநேர மாணவருக்கு அதே விகிதத்தில் குறையும். 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம்; ஆனால் மொத்த இடங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் அவர்களுக்குப் போகக் கூடாது என்ற வரம்பு உண்டு. கவுன்சில் உள்நாட்டு மாணவருக்கான கட்டண அளவுக்கே பணம் தருகிறது. ஆகவே சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிப்பவர், வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று பல்கலைக்கழகத்திடம் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் கேட்பதுதான்.

நான்காம் படி: வழிகாட்டியையும் கூட்டாளி நிறுவனத்தையும் தேடுங்கள்

ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு, உழைப்பு, சமத்துவம் பற்றிய சர்க்கிள் ஆய்வு மையமும், ஈ.எஸ்.ஆர்.சி. நிதியில் 2021இல் தொடங்கிய பராமரிப்பு மையமும் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பராமரிப்புக் கொள்கையை மதிப்பிடும் ஆய்வு மையம் ஒன்று உண்டு. வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் முடியட்டும். அவர் எழுதிய எதைப் படித்தீர்கள், அதில் விடுபட்டதாக உங்களுக்குத் தோன்றுவது எது, உங்கள் கேள்வி என்ன, எந்த ஆண்டு சேர விரும்புகிறீர்கள் என்ற நான்கும் போதும். வாழ்க்கை வரலாற்றை இணைப்பாக அனுப்புங்கள், மின்னஞ்சலுக்குள் ஊற்றாதீர்கள்.

பலர் தவறவிடுவது கூட்டாளி நிறுவனத்தை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்யும் ஆய்வுக்கென்றே தனி இடங்கள் உண்டு; வேலையும் பராமரிப்பும் என்ற பொருளுக்கு இவை மிகவும் பொருந்தும். பராமரிப்பாளர் தொண்டு அமைப்பு, மாநகராட்சி, தொழிற்சங்கம், மருத்துவமனை, கடைத்தொகுதி என எதுவாகவும் இருக்கலாம். நான் முதலில் அணுகிய நிறுவனம் மூன்று மாதம் ஆர்வத்தோடு பேசிவிட்டு, பணியாளர் பதிவுகளைக் காட்டுவீர்களா என்று கேட்ட மறுவாரமே பேச்சை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, முதல் சந்திப்பிலேயே “உங்கள் விடுப்புப் பதிவில் பராமரிப்பு விடுப்புக்கென்று தனிக் குறியீடு இருக்கிறதா?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இருந்தால் உங்களுக்குத் தரவு கிடைக்கும். இல்லையென்றால் அது இல்லாததே உங்கள் ஆய்வின் முதல் கண்டுபிடிப்பாகலாம். பதில் எதுவானாலும் ஒத்துழைப்பை எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஏற்கெனவே உள்ள தரவைப் பாருங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊதியமில்லாப் பராமரிப்பைப் பற்றி 2001இலிருந்து கேட்கிறது. 2011இல் சுமார் 58 லட்சம் பேரும் 2021இல் சுமார் 50 லட்சம் பேரும் பராமரிப்பதாகச் சொன்னார்கள். எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 2021இல் கேள்வியின் வாசகம் மாறியது, மணிநேரப் பிரிவுகளும் மாறின, கணக்கெடுப்பு நடந்ததோ கொரோனாக் காலம். இந்த எச்சரிக்கை ஒரு வரியாக உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், இவர் எண்ணை எடுத்து ஒட்டுபவர் அல்லர் என்று குழுவுக்குப் புரியும்.

காலப்போக்கில் ஒருவரின் நிலை எப்படி மாறுகிறது என்று பார்க்க, எசெக்ஸ் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திவரும் அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி என்ற குடும்ப ஆய்வும், 50 வயதுக்கு மேற்பட்டோரை 2002 முதல் தொடர்ந்து வரும் இங்கிலாந்து முதுமை ஆய்வும் உதவும். பதிவு செய்துகொள்ளும் ஆய்வாளருக்கு இவை கிடைக்கும். வாரத்துக்கு 10 மணி நேரம் என்ற அளவிலேயே பராமரிப்பவரின் வேலை ஆபத்துக்குள்ளாகத் தொடங்குகிறது என்று முதுமை ஆய்வின் தரவை வைத்து லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அரசு உதவித்தொகை 35 மணிநேரத்தில் தொடங்குகிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். இடையில் உள்ள 25 மணிநேரத்தில் ஓர் ஆய்வேடு மட்டுமல்ல, நான்கைந்து ஆய்வேடுகளுக்கு இடமுண்டு.

ஆறாம் படி: முன்மொழிவை எழுதுங்கள்

உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் குழுவில் புவியியலாளரும் உளவியலாளரும் மொழியியலாளரும் இருக்கலாம். முதல் பத்தியை அவர்களுக்காக எழுதுங்கள். பிரச்சினையின் அளவுக்கு இரண்டு வரி, தெரியாதது எது என்பதற்கு இரண்டு வரி, உங்கள் கேள்விக்கு ஒரு வரி என்று அமைந்தால் போதும். அடுத்து முறை: எத்தனை பேரிடம் பேசுவீர்கள், அவர்களை எப்படிக் கண்டடைவீர்கள், எந்தத் தரவை எதற்காகப் பயன்படுத்துவீர்கள். அதன் பிறகு கால அட்டவணை. “உணர்வுபூர்வமாக”, “மனதை உருக்கும்” போன்ற சொற்களை எழுதி முடித்தபின் தேடிப் பிடித்து நீக்குங்கள். என் முதல் வரைவில் அவை பதினொன்று இருந்தன.

களப்பணிச் செலவில் ஒரு வரி மற்றவர்களிடமிருந்து உங்களைத் தனித்துக் காட்டும். பராமரிப்பாளர் ஒருவர் உங்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டுமானால், அந்த நேரம் அவருடைய தாயின் அருகில் வேறொருவர் இருக்க வேண்டும். அந்த மாற்று ஆளுக்கான செலவைக் கேளுங்கள். நேர்காணலுக்குப் பணமாகக் கொடுப்பது அவருடைய வருமானக் கணக்கில் சேரக்கூடுமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். உதவித்தொகைக்கான வருமான வரம்பின் விளிம்பில் நிற்பவருக்கு உங்கள் நன்றிக்காசு தீங்காக முடியலாம்.

ஏழாம் படி: நீங்களே பராமரிப்பாளராக இருந்தால்

இந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் வீட்டில் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பவர்கள். வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிப்பவருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிடைக்காது. ஆகவே முழுநேர இடம் கிடைத்தால் அந்த வருமானம் நின்றுவிடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் வருபவருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனெனில் அவருக்கு அந்த உதவித்தொகை கிடைப்பதில்லை. பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள், சேர்ந்தபின் அல்ல.

எட்டாம் படி: நாட்காட்டி

அக்டோபரில் சேர விரும்பினால் அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே வழிகாட்டிக்கு எழுதுங்கள். நிதி விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களை ஒட்டி வரும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஒரு விண்ணப்பம், நிதிக்கு வேறொரு விண்ணப்பம் என்று பெரும்பாலான இடங்களில் இரண்டு இருக்கும். ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை மறந்தவர் எனக்குத் தெரிந்து இருவர். முடிவு வசந்த காலத்தில் வரும். உங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் “நன்றி, வேண்டாம்” என்று எழுதிவிடாதீர்கள். முதலிடத்தில் வந்தவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குத்தான் வரும். என் இரண்டாவது விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான்.