பிரேக்கில் பிறக்கும் மின்சாரத்தை எங்கே கோட்டை விடுகிறோம்?

200 டன் எடையுள்ள மெட்ரோ ரயில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஸ்டேஷனை நெருங்குகிறது. அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 13.7 யூனிட். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் பெரும்பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆனால், அதை வாங்கிக்கொள்ள அந்த நொடியிலேயே ஆள் வேண்டும்.

இதை யோசிக்காமல், இப்படி மின்சாரத்தைத் திருப்பித் தரும் ரீஜெனரேட்டிவ் பிரேக் உள்ள ரயில் வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. சென்னை மெட்ரோ ஓடுவது 25 கிலோவோல்ட் ஏ.சி.யில். அங்கே துணை மின்நிலைய டிரான்ஸ்பார்மர் வழியாக மின்சாரம் இரு பக்கமும் போகும். பக்கத்தில் வேறு ரயில் இல்லாவிட்டாலும் மிச்சம் வெளியே போய்ச் சேரும். பெங்களூரு, கொச்சி மெட்ரோக்கள்போல 750 வோல்ட் டி.சி. என்றால் கதை வேறு. டி.சி. பாதைகளில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற வழக்கமாக வைக்கும் டயோடு ரெக்டிஃபையர் ஒருவழிக் கதவு மாதிரி. அருகில் இன்னொரு ரயில் கிளம்பினால் சரி. இல்லையென்றால் லைன் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 900 வோல்ட்டை நெருங்கியதும் ரயில் தானாகவே மின்சாரம் அனுப்புவதைக் குறைத்துவிடும். மீதி ரெசிஸ்டரிலோ பிரேக் கட்டையிலோ சூடாகப் போகும். சுரங்கப் பாதையில் அந்தச் சூட்டை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம் செலவழிக்கிறோம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மிச்ச மின்சாரத்தை வெளியே அனுப்பும் இன்வெர்ட்டர், சேமித்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் என்று பெரிய செலவுக்குப் போகுமுன் ஒன்றைப் பாருங்கள். துணை மின்நிலையத்தின் சுமையில்லாத வோல்டேஜை, அதாவது எந்த ரயிலும் மின்சாரம் இழுக்காதபோது இருக்கும் வோல்டேஜை, 850இல் வைத்திருந்தால், பிரேக் மின்சாரத்துக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 50 வோல்ட். தூரத்தில் ஓடும் ரயில்வரை அது போய்ச் சேராது. ரயில்களுக்குப் போதிய வோல்டேஜ் கிடைக்கும் அளவுக்குள் இதைக் கொஞ்சம் இறக்கினாலே பலன் தெரியும். அட்டவணையும் அப்படித்தான். ஒரு ரயில் பிரேக் பிடிப்பது அரை நிமிடம்தான். எதிர்ப்பக்க ரயில் அதற்குள் கிளம்பாவிட்டால் வாய்ப்பு போயிற்று.

அப்புறம், கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்துவது. அதே ரயிலின் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 3 மெகாவாட்வரை திருப்பித் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் வேகத்தை மணிக்கு 3.6 கி.மீ. வீதம் குறைத்தால் தொடக்கத்தில் சுமார் 4.4 மெகாவாட் வரும். மோட்டார் தாங்காததைப் பிரேக் கட்டை தேய்த்துத் தீர்க்கும். 2.2 கி.மீ. வீதம் குறைத்தால் அதுவே 2.7 மெகாவாட், மொத்தமும் மோட்டாருக்குள் அடங்கும். இதற்கு ஆகும் கூடுதல் நேரம் 7 நொடி சொச்சம். 80இலிருந்து 40க்கு இறங்குவதற்குள்ளேயே முக்கால்வாசி ஆற்றல் வெளிவந்துவிடும். அதனால் அந்த முதல் பாதியில் நிதானம் ரொம்ப முக்கியம்.

திரும்பி வந்த யூனிட்டை மட்டும் எண்ணிச் சந்தோஷப்படுவதும் சரியில்லை. மோட்டார், கன்வெர்ட்டர், லைன் என்று போகும்போதும் வரும்போதும் இழப்பு உண்டு. ஸ்டேஷனுக்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிட்டு ரயிலைத் தானாக உருளவிட்டால் மீட்பு விழுக்காடு குறைவாகத்தான் தெரியும். மொத்த மீட்டரைப் பாருங்கள், அதுவும் குறைந்திருக்கும்.