வேக்போர்டு படகுக்குப் பேலஸ்ட்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எத்தனை கிலோ ஏத்தினா அலை பெருசா வரும்?" பேலஸ்ட் பற்றி விசாரிக்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஏற்றியதை எவ்வளவு நேரத்தில் வெளியே தள்ள முடியும் என்று கேட்பவர்கள் குறைவு. காலையில் அசையாமல் கிடக்கிற கொல்லத்து அஷ்டமுடிக் காயல் மத்தியானம் காற்று ஏறியதும் வேறு முகம் காட்டும். அந்த நேரத்தில் படகுக்குள் நீங்களே இழுத்து வைத்த அரை டன் தண்ணீர் இருந்தால், அதை இறக்கும் வழிதான் முக்கியம். பேலஸ்ட் தேர்வில் நான் பார்க்கிற தவறுகளில் பாதி, ஏற்றுவதை மட்டும் யோசித்து இறக்குவதை மறந்ததால் வருபவை.

விஷயம் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: பேலஸ்ட் என்பது படகில் வேண்டுமென்றே ஏற்றுகிற கூடுதல் எடை, பெரும்பாலும் தண்ணீர். படகில் எடை கூடினால் அது தண்ணீரில் ஆழமாக அமரும், அதிகத் தண்ணீரை விலக்கும், பின்னால் எழும் அலையும் பெரிதாகும். படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துப் பலகையில் நிற்கிற வேக்போர்டு ஆள் அந்த அலையில் ஏறித்தான் தாவுகிறார். வேகம் பெரும்பாலும் மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர். அமெரிக்காவில் இதற்கென்றே செய்த படகுகளில் தொட்டியும் பம்பும் தொழிற்சாலையிலேயே வந்துவிடும். தமிழக-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஃபைபர் படகும் அவுட்போர்டு எஞ்சினும்தான். அதில் பேலஸ்ட் என்பது பிறகு சேர்க்கிற சங்கதி. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

படகு தாங்கும் கணக்கைப் பார்க்காமல் பை வாங்குவது

தண்ணீர்ப் பைகள் 400, 750, 1100 பவுண்டு என்ற அளவுகளில் விற்கின்றன. கிலோவில் சுமார் 180, 340, 500. 750-இல் இரண்டு வாங்கிப் பின்னால் போட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் அவுட்போர்டு படகில் பாரத்தின் வரம்பைப் பொறித்திருக்கும் தகட்டில் ஆள், எஞ்சின், சாமான் எல்லாம் சேர்த்து 800 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் 170 கிலோ. நான்கு பேர், ஆளுக்கு 75 என்றால் 300. பெட்ரோல் டாங்க், பேட்டரி, நங்கூரம், போர்டு, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் 80. மொத்தம் 550 ஆகிவிட்டது. மிச்சம் 250 கிலோதான். இரண்டு பையும் நிறைந்தால் 680. அதாவது தாங்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

தகடே இல்லாத படகு என்றால் செய்த யார்டில் கேளுங்கள், பதிவுச் சான்றிதழில் எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். கேரளக் காயல் படகுகளின் பதிவு கேரள மாரிடைம் போர்டிடம் இருக்கிறது. காசுக்கு ஆள் ஏற்றுகிற படகு என்றால், அமைப்பை மாற்றும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பாரம் மீறினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர், படகு கவிழ்ந்து இறந்தார்கள்.

அரைப் பை, மணல் மூட்டை, நீல பீப்பாய்

பாரம் தாங்கவில்லையா, சரி, பையைப் பாதி நிரப்பிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். இது எல்லாவற்றையும்விட மோசம். பாதி நிறைந்த தண்ணீர் ஓர் இடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடப்பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். வளைவில் திரும்பும்போதுதான் இது தெரியவரும். பெரிய பையைப் பாதி நிரப்புவதைவிடச் சின்னப் பையை முழுதாக நிரப்புங்கள். காற்றையும் வெளியேற்றிப் பை விறைப்பாக நிற்க வேண்டும். பட்டை போட்டுக் கட்டவும் வேண்டும்.

பையே விலை கூடுதல் என்று, பாதித் தண்ணீர் ஊற்றிய நீல பீப்பாயைப் படுக்க வைக்கிறவர்களும் உண்டு. அதே சிக்கல்தான், கூடவே உருளவும் செய்யும். மணல் மூட்டை அடுக்குவது இன்னொரு பழக்கம். மூட்டை ஓரம் கிழிந்தால் மணல் முழுவதும் படகின் அடியில் இறங்கும், அங்கே சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பில்ஜ் பம்பு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே வரும் நேரம் பார்த்து அந்தப் பம்பு வேலை செய்யாது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. படகுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கும் நிலை வந்தால், பைக்குள் இருக்கும் தண்ணீர் வெளித்தண்ணீரோடு சமமாகிவிடும். அது படகைக் கீழே இழுக்காது. மணலும் ஈயமும் அப்படி இல்லை. ஈயம் தண்ணீருக்குள் போனாலும் தன் எடையில் பத்தில் ஒன்பது பங்கை வைத்திருக்கும், மணல் பாதிக்கு மேல். படகை மிதக்க வைக்க அடியில் அடைத்திருக்கும் ஃபோம் இந்த எடைக்குக் கணக்கிட்டதல்ல. ஈயப் பைகள் சில படகுகளில் நன்றாகவே பயன்படுகின்றன, இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் அவசரத்துக்கு இறக்க முடியாத எடை அது. சின்ன ஃபைபர் படகுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாவற்றையும் பின்னால் போடுவது

பின்னால் எடை கூடினால் அலை செங்குத்தாக எழும், அதனால் ஆசை வரும். ஆனால் அவுட்போர்டு படகில் எஞ்சின் ஏற்கெனவே கடைசியில் தொங்குகிறது. அங்கேயே இன்னும் ஏற்றினால் அணியம் (படகின் முன்முனை) வானம் பார்க்கும், ஓட்டுகிறவருக்கு முன்னால் வள்ளம் கிடப்பது தெரியாது, படகு நீரில் தட்டி எழும்பவே நேரம் எடுக்கும். பின்பலகையின் மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். வேகத்தை வெட்டென்று குறைத்தால் பின்னால் துரத்தி வரும் சொந்த அலையே உள்ளே ஏறும்.

அதற்குப் பயந்து அணியத்தில் ஒரு பெரிய பையைப் போட்டால் எதிர்ப்பக்கத் தவறு. வேகம் குறையும்போது அணியம் தாழ்ந்து முன்னால் இருந்து தண்ணீர் அள்ளும்.

பை வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நண்பர்கள் சிலரை, தகட்டுக் கணக்குக்குள், வெவ்வேறு இடத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேர் அணியத்தில், ஒருவர் நடுவில்; அப்புறம் மாற்றி. ஒவ்வொரு முறையும் அலையைப் பின்னால் இருந்து செல்போனில் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எடை வேண்டும் என்பதைப் படகே சொல்லிவிடும். பல சமயம் நடுவில் ஒரு சின்னப் பை போதும் என்று தெரியவரும்.

இன்னொன்று, கறாராகவே சொல்கிறேன். ஒரு பக்கம் எடை ஏற்றி, மெதுவாகப் போகும் படகின் அலையிலேயே கயிறில்லாமல் நிற்கும் வேக்சர்ஃப் விளையாட்டை அவுட்போர்டு படகில் செய்யக்கூடாது. அதில் ஆள் படகுக்கு மிக அருகில் இருப்பார், புரொபெல்லரோ படகின் கடைசியில் சுழலும். புரொபெல்லர் படகின் அடியில் உள்ளடங்கி இருக்கும் இன்போர்டு படகுகளுக்கானது அது. எத்தனை பை போட்டாலும் இந்தக் குறை தீராது.

பம்பு

இரண்டு வகை. ஏரேட்டர் பம்பு விலை குறைவு, தண்ணீர் வேகமாகத் தள்ளும், ஆனால் ஒரே திசை; நிரப்ப ஒன்று, காலி செய்ய ஒன்று வேண்டும். தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். குழாயில் காற்று அடைத்தால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பர் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் இறக்கை) பம்பு தானே உறிஞ்சும், திசை மாற்றினால் அதே பம்பு காலியும் செய்யும். விலை கூடுதல், மின்சாரமும் கூடுதல், 15 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் இம்பெல்லர் தீய்ந்துவிடும். நம் காயலில் மணலும் பாசியும் தாராளம் என்பதால் எதை மாட்டினாலும் முன்னால் வடிகட்டி வேண்டும்.

இங்கேதான் இறக்கும் நேரக் கணக்கு. மணிக்கு 800 கேலன் என்று பெட்டியில் போட்டிருக்கும் பம்பு, சுமார் 3000 லிட்டர். 340 லிட்டர் பைக்கு ஏழு நிமிடம் என்று தாளில் வரும். குழாய் வளைவு, ஏற்றம், பேட்டரி இறக்கம் எல்லாம் சேர்ந்து பத்தைத் தாண்டும். நிரப்ப நல்ல பம்பும் காலி செய்ய மிச்சக் காசில் கிடைத்த குட்டிப் பம்பும் வாங்குகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒன்றுதான் பெரிதாக வாங்க முடியும் என்றால் அது காலி செய்வதாக இருக்கட்டும்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கிடைக்கும் ஏதோ ஒரு 12 வோல்ட் பம்பை பெட்ரோல் டாங்க் இருக்கும் அறைக்குள் மாட்டுவது ஆபத்து. பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் தீப்பொறி வெளியே வராதபடி செய்த, இக்னிஷன் ப்ரொடெக்டட் என்று குறித்த பம்புதான் போட வேண்டும். ஒவ்வொரு பம்புக்கும் தனி ஃபியூஸ். மூன்று பம்பையும் பாட்டுப் பெட்டியையும் எஞ்சின் அணைத்த நிலையில் ஓடவிட்டால் அப்புறம் எஞ்சின் கிளம்பாது.

வெளியேற்றும் துளை படகு காலியாக இருக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். பாரம் ஏறியதும் கீழே போய்விடும். அப்போது பம்பு நின்றாலும் வெளித்தண்ணீர் அதே குழாய் வழியாகத் தானாக உள்ளே வர ஆரம்பிக்கும். துளை போடும் முன் ஆளும் பாரமும் ஏற்றி, நீர்மட்டத்தைப் படகின் ஓரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே துளை வரட்டும். அடியில் தண்ணீர் எடுக்கும் துளைக்குக் கையால் மூடும் வால்வு கட்டாயம்.

புரொபெல்லர், உப்பு, அலை

பாரம் ஏறியதும் எஞ்சின் முழு த்ராட்டிலில் தன் சுற்றுக்கு வராமல் திணறும். நிமிடத்துக்கு 5000–6000 சுற்று வர வேண்டிய எஞ்சின் 4600-இல் நின்றால் அது நல்லதல்ல. பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) குறைந்த புரொபெல்லர் மாற்றுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். பேலஸ்ட் பட்ஜெட்டில் இதைச் சேர்க்காதவர்கள் பிறகு எஞ்சினைக் குறை சொல்வார்கள்.

காயல் தண்ணீர் உப்பு கலந்தது. பையையும் பம்பையும் அன்றே நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஒரு காயலின் தண்ணீரை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அஷ்டமுடியிலும் வேம்பநாட்டிலும் மைட்டெல்லா என்ற வெளிநாட்டுச் சிப்பி பரவி உள்ளூர் சிப்பி எடுப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. பையில் மிச்சமிருக்கும் ஒரு வாளித் தண்ணீரே இதன் குஞ்சுகளைச் சுமக்கப் போதும்.

பெரிய அலைக்குப் பெரிய இடமும் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, வேக்சர்ஃப் படகுகள் கரையில் இருந்து 500 அடியாவது தள்ளி ஓட வேண்டும் என்றது. பூவாரின் சதுப்புக்காட்டு வாய்க்கால்களில் அந்த அகலத்துக்கே வழியில்லை. அங்கே ஓட்டத்தான் என்றால் பேலஸ்ட் வாங்கவே வேண்டாம். வள்ளத்தில் நின்று வலை போடுகிறவர் இருக்கும் இடத்தில் பாரம் ஏற்றிய படகை ஓட்டினால் ஏச்சு விழும், அது நியாயமும்கூட.

கரைக்கு வந்ததும் டிரெய்லரில் ஏற்றும் முன் பைகள் முழுக்கக் காலியா என்று கையால் அமுக்கிப் பாருங்கள். டிரெய்லரின் அச்சும் டயரும் வெறும் படகின் எடைக்கு வாங்கியவை.