கிணற்றுத் தண்ணீரில் கப்பி மீன் வளர்க்கலாம், வாங்க

மீன் வளர்க்க ஆசை, ஆனால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கிறதே என்று தயங்குகிறீர்களா? மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, காத்தான்குடி போல வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறவர்கள் கப்பி என்ற சின்ன அலங்கார மீனில் தொடங்குங்கள். அதற்குக் கடினத் தண்ணீர்தான் ஒத்துப்போகும், லேசான உவர்ப்பையும் தாங்கும்.

முதலில் தொட்டி. நாற்பது லீற்றர் கண்ணாடித் தொட்டி போதும், வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்து வையுங்கள், சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் தண்ணீர் கொதிக்கும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி என்றால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரைப் பலமுறை மாற்றி, சுண்ணாம்புக் காரம் போன பிறகுதான் மீன். குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள்.

அப்புறம்தான் பொறுமை வேண்டிய கட்டம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுகிற நல்ல பக்டீரியா தொட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பொஞ்ச் பில்டர் போட்டு, மூன்று நான்கு மீனோடு தொடங்கி, சாப்பாட்டைக் குறைத்துப் போட்டு, வாரம் இரண்டு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டி பழகிய பிறகு வாரம் ஒரு தடவை போதும். ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவினால் அந்த பக்டீரியா செத்துப்போகும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து விடுங்கள்.

ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண். சிறியதாக, வாலில் நிறத்தோடு இருப்பது ஆண். ஆண்களைக் கூட்டினால் பெண் மீனைத் துரத்தித் துரத்தியே களைக்க வைத்துவிடும். கப்பி முட்டையிடாது, குட்டி போடும், ஏறத்தாழ மாதம் ஒரு தடவை. ஒருமுறை சேர்ந்தால் பெண் மீன் ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் வைத்திருக்கும், அதனால் கடையிலிருந்து தனியாக வாங்கி வந்த பெண்ணும் குட்டி போடலாம்.

நாள் நெருங்குவதைக் கண்டுபிடிப்பது லேசு. வயிற்றின் பின்பக்கம் ஒரு கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும், வயிறு பெட்டி மாதிரி சதுரமாகும். வெளிர்நிற மீனென்றால் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பாருங்கள், புள்ளிக்குள் குஞ்சுகளின் கண்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். உடனே குஞ்சுகள் ஒளிந்துகொள்ளப் பாசியை அடர்த்தியாகப் போடுங்கள், தாயே குஞ்சைத் தின்னும். குஞ்சுக்கு அவித்த மஞ்சட்கருவைக் கரைத்து ஊசி முனையளவு கொடுத்தால் போதும், கூடினால் தண்ணீர் நாறும்.

குஞ்சுகள் பெருகிவிட்டால் வாவியிலோ வயல் வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். இது தென்னமெரிக்க மீன், நம் ஊர் மீன்களுக்குப் போட்டியாகிவிடும். மீன் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், காசு தராவிட்டாலும் ஒரு பக்கெற் சாப்பாடாவது தருவார்.