பையா கடந்தது?

ஆரியங்காவைத் தாண்டியிருக்கும் கேரள அலுவலகங்களுக்கு மனு எழுத, செங்கோட்டைப் பக்கத்தில் பலருக்கும் ஆங்கிலம்தான் கைகொடுக்கிறது. அதில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது: ‘கிராஸிங் தி செக்போஸ்ட், மை பேக் வாஸ் செக்டு.’ இலக்கணப்படி சோதனைச்சாவடியைக் கடந்தது பை! தமிழில் ‘நான் கடக்கும்போது பையைச் சோதித்தார்கள்’ என்று இரண்டு எழுவாய்களைத் தாராளமாக வைக்கலாம். ஆங்கிலத்திலோ முன்னால் வரும் ‘இங்’ தொடர், காற்புள்ளிக்கு அடுத்த எழுவாயையே பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆளை உள்ளே கொண்டுவாருங்கள்: ‘வென் ஐ கிராஸ்டு தி செக்போஸ்ட், மை பேக் வாஸ் செக்டு.’

‘விச்’ தொடரையும் உரிய பெயருக்குப் பின்னாலேயே ஒட்டி எழுதுங்கள். ‘ஐ லெஃப்ட் தி பேக் இன் தி பஸ் விச் வாஸ் டோர்ன்’ என்றால் கிழிந்தது பஸ்தான்.